பேபி பிக்கப்பில் வருகிறாள்

இசக்கிப்பாண்டி குற்றாலத்துக்குக் குளிக்கப் போனதில் ஒரு தப்பும் இல்லை. ஆடி பிறந்து, சாரல் விழுந்து, அருவியெல்லாம் நிறைந்து கொட்டுகிறபோது தென்காசியில் உட்கார்ந்து வாளித் தண்ணீரை மொண்டு ஊற்றுகிறவனை என்னவென்று சொல்வது? குளிக்கப் போனவர் செல்போனையும் கொண்டு போனார் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை. அருவிக்கரையில் விற்கிற பிளாஸ்டிக் உறை ஒன்றை வாங்கி, போனை அதற்குள் போட்டு, தாயத்து மாதிரி கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். சப்-இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன். போன் அடித்தால் எடுக்காமல் இருக்க அவருக்கு இன்னும் பழகவில்லை.

மாலீஷ்காரன் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, முதுகை நன்றாக அடித்துப் பிசைந்து முடிக்க, இவர் அருவிக்குக் கீழே தலையைக் கொடுக்கப் போகிற நேரத்தில் போன் அடித்தது. மகன் முத்துகுமரன், கொச்சியிலிருந்து.

அந்தப் பயல் சொன்னது என்ன, இவர் காதில் விழுந்தது என்ன என்பதை நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களும் இவரோடு சேர்ந்து தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள்.

முத்துகுமரனுக்குக் கொச்சியில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் வேலை. முதலாளி ஜோசப் சேட்டனிடம் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் இருந்தது. லேசுப்பட்ட கிட்டார் இல்லை. லண்டனில் டெரி மாக்லின் என்று ஒரு ராக் பாடகன்; அவன் மேடையேறினால் அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகள் மயங்கி விழுவார்களாம். அவன் ஊர் சுற்றிக்கொண்டு கொச்சிக்கு வந்தபோது ஜோசப் சேட்டனின் அப்பாவோடு சிநேகமாகி, மீன்கறியும் கள்ளுமாக ஒரு மாசம் அந்த வீட்டிலேயே கிடந்திருக்கிறான். போகும்போது, 'இவளுக்கு இந்த ஊர் பிடித்துவிட்டது, இங்கேயே இருக்கட்டும்' என்று கிட்டாரை விட்டுவிட்டுப் போனானாம். நல்ல ரத்தச் சிவப்பு. முதுகில் அவனே கத்தியால் கீறி வைத்த பெயர் ஒன்று உண்டு: பேபி. அந்த வீட்டில் யாரும் அதைக் கிட்டார் என்று சொன்னதில்லை. பேபி வந்தாள், பேபி கோபமாக இருக்கிறாள், பேபிக்கு இன்றைக்குத் தொண்டை சரியில்லை, இப்படித்தான் பேச்சு. இப்போது ஜோசப் சேட்டன் மகளோடு இருப்பதற்காகக் கனடா போகிறார். அந்தக் குளிரைப் பேபி தாங்கமாட்டாள் என்று சொல்லி, முத்துகுமரன் கையில் கொடுத்துவிட்டார். பயலுக்குத் தலைகால் புரியவில்லை.

ஐம்பது வருஷத்து மரம், பஸ் கூட்டத்தில் இடிபட்டால் கழுத்து முறிந்துபோகும். அந்த வகைக் கிட்டாருக்கு நாலு ஸ்குருவைக் கழற்றினால் கழுத்து தனியாக வந்துவிடும். அதைத் தன் மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டு வருவது, மீதியைப் பெட்டியில் வைத்துப் பாவூர்சத்திரம் சுடலைராஜின் பிக்கப் வண்டியில் அனுப்புவது. இதுதான் பயலின் திட்டம். சுடலைராஜ் சந்தையிலிருந்து கொச்சிக்குக் காய்கறி ஏற்றிப் போய் இறக்கிவிட்டு, வெறும் வண்டியாகத் திரும்புகிறவன். இந்த மீதிக்குக் கிட்டார்காரர்கள் வைத்திருக்கிற பெயர் பாடி. யார் வைத்தார்களோ, அவர்களைச் சொல்ல வேண்டும்.

இன்னொரு பேபியும் உண்டு. இசக்கிப்பாண்டியின் கூடப்பிறந்த ஒரே தங்கை ஆனந்தவள்ளி. அவளைப் பேபி என்று கூப்பிடுகிற ஆள் உலகத்திலேயே இசக்கிப்பாண்டி ஒருவர்தான். மகனுக்கு அவள் ஆனந்தி அத்தை. பேபி என்று ஒரு பேர் இருப்பதே அவனுக்குத் தெரியாது. தெரிய எங்கே வழி? பதினோரு வருஷமாக அண்ணனும் தங்கையும் பேச்சுவார்த்தை இல்லை.

அவள் இருப்பது ஒன்றும் அமெரிக்காவில் இல்லை, ஆய்க்குடியில். பஸ் ஏறினால் கால் மணி நேரம். இசக்கிப்பாண்டியின் மூத்த மகள் மீனாவின் கல்யாணப் பத்திரிகையில் ஆனந்தவள்ளியின் புருஷன் நாறும்பூநாதன் பி.இ. பெயர் விட்டுப் போயிற்று. பெண்ணின் சொந்த மாமா. எல்லாப் பெயரும் போட்டு, கடைசியில் 'மற்றும் சுற்றமும் நட்பும்' என்று முடிந்திருந்தது. ஆனந்தவள்ளி கல்யாண மண்டபத்திலேயே பத்திரிகையை அண்ணன் மூக்குக்கு நேரே நீட்டி, “எங்க வீட்டுக்காரரு இதுல சுற்றமா, நட்பா? ஏதாவது ஒண்ணச் சொல்லு” என்று கேட்டாள். இவருக்குப் பந்தி வேலை, சம்பந்தி வேலை, மூக்குக்கு மேல் கோபம். “ரெண்டும் இல்ல, போ” என்றார். அவள் கை நனைக்காமல் போனாள். அவள் முதலில் பேசட்டும் என்று இவர், அண்ணன் முதலில் வரட்டும் என்று அவள். அந்த மனஸ்தாபத்தில் அவள் மகள் கல்யாணத்துக்கு இவருக்குப் பத்திரிகையே வரவில்லை.

இனி போனுக்கு வருவோம்.

“எப்பா, பேபி...” என்றான் மகன். நடுவில் அருவி புகுந்துகொண்டது. “...பாடி சாயங்காலம் வீட்டுக்கு வந்துரும். நம்ம சுடலைராஜ் அண்ணன் பிக்கப்ல.”

வேலைக்காலம் முழுக்கப் பாடி என்ற சொல்லுக்கு இசக்கிப்பாண்டி ஒரே ஒரு அர்த்தத்தைத்தான் பார்த்திருக்கிறார். அது கரை ஒதுங்கும், அல்லது தண்டவாளத்தில் கிடக்கும். பக்கத்தில் நின்று காவல் காக்க வேண்டும்.

“எந்தப் பேபில?” என்று கத்தினார்.

“இருக்கது ஒரே பேபிதானப்பா!”

“எப்படில ஆச்சு?”

அந்தப் பக்கம் அது 'எப்படில இருக்கு' என்று போய்ச் சேர்ந்தது. “அங்கங்க கீறல் இருக்கு. அம்பது வயசுக்கு மேல ஆச்சுல்லா, இருக்கத்தான செய்யும். கழுத்த மட்டும் தனியாக் கழத்தியாச்சு. அத நான் கையில கொண்டாரேன்.”

இசக்கிப்பாண்டிக்கு எண்ணெயோடு சேர்ந்து வேர்த்தது.

“நம்ம வீட்டுக்கா கொண்டாராங்க?”

“பின்ன எங்கன கொண்டுபோவ? ஏசி ரூம்ல வைங்க, சூடு ஆகாது. யாரும் தொட்டுறாமப் பாத்துக்கிடுங்க.” மறுபடி அருவி. “...ரெண்டு பிக்கப்...” என்று ஒரு துண்டு கேட்டது. பேபியின் வயிற்றில் பதித்திருக்கிற, கம்பியின் சத்தத்தை இழுத்துக் கொடுக்கிற இரண்டு பிக்கப்பும் ஒரிஜினல் என்று பயல் பெருமை அடித்துக்கொண்டிருந்தான். இவரோ, ஒரு வண்டியில் பாடியும் இன்னொரு வண்டியில் சொந்தக்காரர்களும் வருகிறார்கள் போலிருக்கிறது என்று கணக்குப் பண்ணிக்கொண்டார். “அம்மாட்ட மட்டும் இப்பம் சொல்லிறாதீங்கப்பா. தாங்க மாட்டா.”

அதுவும் நியாயம்தான். கிட்டார் மோகத்தில் மகன் காலேஜைக் கோட்டை விட்டதிலிருந்து, “இனி ஒரு கிட்டார்ச் சவத்தத் தூக்கிக்கிட்டு இந்த வாசப்படிய மிதி, அப்பம் இருக்கு உனக்கு” என்று சொல்லி வைத்திருக்கிறாள் மாரித்தாய். அதற்குத்தான் அவன் பயந்தான்.

இசக்கிப்பாண்டி இன்னும் ஏதோ கேட்பதற்காகப் போனை உறையிலிருந்து உருவினார். எண்ணெய்க் கை. போன் வழுக்கிக் கல்லில் பட்டு, தண்ணீரில் விழுந்து, கூட்டத்தின் கால்களுக்கு நடுவே எங்கேயோ போய்விட்டது. அவர் தேடவும் இல்லை. அப்படியே நடந்து அருவிக்குள் தலையைக் கொடுத்து, வாய்விட்டு அழுதார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் குளிர்ச்சி தாங்காமல் ஓவென்று கத்திக்கொண்டிருந்ததால், இவரையும் யாரும் கண்டுகொள்ளவில்லை.

ஆட்டோவில் திரும்பும்போது போலீஸ் மூளை வேலை செய்தது. தங்கை தன் மகளை எர்ணாகுளத்தில் கட்டிக் கொடுத்திருப்பதாகக் கேள்வி. மகளைப் பார்க்கப் போயிருப்பாள். தண்டவாளம் தாண்டியிருப்பாள். கழுத்து தனியாக என்றால் வேறு என்ன? பக்கத்திலே இருக்கிற முத்துகுமரனுக்குச் சொல்லிவிட்டிருப்பார்கள். பயல் அதிர்ச்சியில் அத்தையைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான், பாவம். ஆனால் புருஷன் வீடு ஆய்க்குடியில் இருக்கும்போது இங்கே ஏன் கொண்டு வருகிறார்கள்? யோசித்தவருக்குப் பளிச்சென்று விளங்கியது. 'செத்தா எங்க அண்ணன் வீட்டுக்குத்தான் கொண்டு போகணும்' என்று கடைசியாகச் சொல்லியிருக்கிறாள். கழுத்து தனியாகப் போனவள் கடைசியாக என்னத்தைச் சொல்லியிருக்க முடியும் என்று ஒரு எஸ்.ஐ.க்குத் தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை. துக்கம் வந்தால் எஸ்.ஐ. ஆனால் என்ன, ஐ.ஜி. ஆனால் என்ன.

வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக மாரித்தாய், “என்ன, குளிச்சும் எண்ணெ போகல? சீயக்கா வாங்கலியா?” என்றாள். சொல்லக்கூடாது என்றுதான் இருந்தார். அவள் கேட்ட கேள்வியில் உடைந்துவிட்டார்.

“பேபி போயிட்டாட்டி.”

மாரித்தாய் அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்தாள். ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் அவளுக்கு நிதானம் வந்தது. மகனுக்குப் போன் போட்டாள். அவன் அதற்குள் பஸ் ஏறியிருந்தான். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது போன். அப்புறம் ஆரியங்காவு மலை. அங்கே டவர் என்கிற பேச்சே கிடையாது.

“ஆய்க்குடிக்கு ஒரு போன் போட்டுப் பாப்பமா?” என்றாள்.

“நம்பர் வச்சிருக்கியா? இருந்தாலும் என்னன்னு கேக்க? ஓய், உம்ம பொண்டாட்டி செத்தது நெசந்தானான்னா?”

அதுவும் சரிதான் என்று அவளும் விட்டுவிட்டாள்.

பிறகு என்ன, தெருவுக்கே செய்தி போயிற்று. இசக்கிப்பாண்டி வீட்டில் சாவுத் துட்டி விழுந்துவிட்டது என்றால் சும்மா இருப்பார்களா? பந்தல்காரர் வந்து வாசலில் நாலு கால் நட்டார். பிளாஸ்டிக் நாற்காலி வந்து இறங்கியது. ஏசி ரூம் இந்த வீட்டில் ஏது? அதனால் மகன் சொன்னது ஐஸ் பெட்டியைத்தான் என்று முடிவு செய்து, வாடகைக்கு விடுகிறவரை மாரித்தாயின் போனில் கூப்பிட்டார்.

“ஆள் எப்படி அண்ணாச்சி, நல்ல உயரமா? சின்னப் பெட்டி போதுமா?”

“அளவான உயரம்தான்” என்றார் இசக்கிப்பாண்டி. “கழுத்து மட்டும் தனியா வருது.”

“இருக்கதுலயே பெரிய பெட்டியா அனுப்புதேன்” என்று அவசரமாகச் சொல்லிப் பெட்டிக்காரர் போனை வைத்துவிட்டார்.

எல்லாம் ஆயிற்று, ஒன்று பாக்கி. கட்டிக் கொடுத்த பெண் செத்தால், பிறந்த வீட்டிலிருந்து உடன்பிறந்தவன் ஒரு புதுச் சேலை எடுத்து அவள் மேல் போர்த்த வேண்டும். பிறந்த வீட்டுக் கோடி என்று அதற்குப் பேர். அது விழாமல் எந்தப் பொம்பளையும் வீட்டை விட்டுப் போகக்கூடாது. “யாரையாவது அனுப்பி எடுத்தாரச் சொல்லட்டுமா?” என்று கேட்டாள் மாரித்தாய். இசக்கிப்பாண்டி செருப்பை மாட்டிக்கொண்டு தானே கிளம்பினார்.

தென்காசிக் கடைத்தெருவில் அவர் ஜவுளிக்கடைக்குத் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. சேலைப் பிரிவில் நின்ற பெண்ணின் சட்டையில் பெர்சிஸ் என்று பேர் குத்தியிருந்தது. நல்ல சிரித்த முகம்.

“யாருக்கு அங்கிள் பாக்கீங்க?”

“தங்கச்சிக்கு.”

“என்ன விசேஷம்? அறுபதாம் கல்யாணமா?”

“ஊர்லேர்ந்து வாரா. ரொம்ப நாளாச்சு வந்து.”

“அப்ப நல்லதாவே எடுத்துருவோம். அவங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்?”

பேபிக்கு என்ன கலர் பிடிக்கும்? இசக்கிப்பாண்டி முழித்தார். அவள் இப்போது குண்டா, ஒல்லியா, தலை நரைத்துவிட்டதா, கண்ணாடி போட்டிருக்கிறாளா, ஒரு மண்ணும் அவருக்குத் தெரியாது. சந்தையில் திருட்டுப்போன சைக்கிளுக்குக்கூட அடையாளம் எழுதத் தெரிந்தவர். பெர்சிஸ் பருத்தியைப் போட்டாள், சின்னாளப்பட்டி போட்டாள். கோடிக்குப் பருத்தியே தாராளம். இவர் கை எல்லாவற்றையும் தள்ளியது. கடைசியில் ஒரு பட்டு, மயில்கழுத்து நீலத்தில் அரக்குக் கரை போட்டது. பெர்சிஸ் அதைத் தன் தோளில் போட்டுக் காட்டி, “கட்டுனா எடுப்பா இருக்கும் அங்கிள்” என்றாள். கட்டினால் என்ற ஒரு சொல்லில் இவருக்குக் கண் நிறைந்துவிட்டது. “தங்கச்சி மேல அம்புட்டுப் பாசமா? எங்க அண்ணனும் இருக்கானே” என்று சொல்லி அவள் மடித்துக் கொடுத்தாள்.

சாயங்காலம் சாரல் லேசாகத் தூறிக்கொண்டிருக்கும்போது தெருமுனையில் பிக்கப் திரும்பியது. பந்தலில் இருந்த பெண்கள் எழுந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். சுடலைராஜ் வண்டியிலிருந்தே பார்த்தான்: பந்தல், ஐஸ் பெட்டி, கூட்டம். அடடா, வீட்டில் துக்கம் போலிருக்கிறது, இந்த நேரம் பார்த்தா நாம் வந்து நிற்க வேண்டும் என்று கூசிப்போய், தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினான். பக்கத்தில் நின்றவரிடம் மெதுவாக, “யாரு?” என்றான்.

“அண்ணாச்சி தங்கச்சி.”

“ஐயோ, எப்பம்?”

“நீதானலே கொண்டாந்திருக்க” என்றார் அவர்.

சுடலைராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குள் நாலு பேர் வண்டியில் ஏறிக் காலிச் சாக்குகளை விலக்கிப் பெட்டியை எடுத்துவிட்டார்கள். கறுப்புப் பெட்டி. ஒரு ஆளே தூக்கிவிடலாம் போலிருந்தது. இடுப்பு சிறுத்து, கைப்பிடி வேறு வைத்திருந்தது. அதைப் பார்த்ததும் பெண்களின் அழுகை ஒரு பங்கு ஏறியது. “இவ்வளவுதானா கெடச்சுது!” என்று மாரித்தாய் நெஞ்சில் அடித்துக்கொண்டாள். இசக்கிப்பாண்டி கல்லாக நின்று பெட்டியைக் கையில் வாங்கினார். ரயிலில் அடிபட்ட உடம்புகளை அள்ளிக் கட்டின மனுஷன். திறந்து பார்க்க மட்டும் தைரியம் வரவில்லை. ஐஸ் பெட்டிக்குள் வைத்து, கண்ணாடி மூடியைச் சாத்தி, அதன் மேல் பட்டுச் சேலையை விரித்துப் போர்த்தினார். கரை கோணலாக விழுந்தது. திரும்பவும் சரியாகப் போட்டார்.

“அண்ணாச்சி” என்று காதோரம் வந்தான் சுடலைராஜ். “ஈரம் படக்கூடாதுன்னான் உங்க மவன். கரண்டு குடுத்தா நல்லாப் பாடும்னும் சொன்னான்.”

“செத்தவ எங்கலே பாடுவா!” என்று ஒரு கிழவர் அதட்டினார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வழக்கம் இருக்கும், பெட்டியை ஐஸில் வைத்து அழுவது இவர்கள் வழக்கம் போல, நமக்கென்ன என்று சுடலைராஜ் ஒரு நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்தான்.

அப்போதுதான் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து தலைவிரி கோலமாக ஒரு பெண் இறங்கி, “எண்ணே!” என்று அலறிக்கொண்டு ஓடி வந்தாள். பின்னாலேயே நாறும்பூநாதன் பி.இ., கையில் ஒரு ரோஜா மாலையோடு. கூட்டம் விலகி வழி விட்டது. அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நேரே போய் ஐஸ் பெட்டி மேல் விழுந்தாள்.

“என்னப் பெத்த ராசா! ஒரு வார்த்த பேசாமப் போயிட்டியே! உன் வீட்டுல துட்டின்னு கேட்டதும் உனக்குத்தான் போன் போட்டேனே, சுவிச் ஆப்புன்னு வந்துச்சே!”

இசக்கிப்பாண்டி பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். செத்தவள் வந்து தன் பாடி மேலேயே விழுந்து அழுகிறாள். பேய் பிசாசுக்கெல்லாம் பயந்தவர் இல்லை அவர். இருந்தாலும் பந்தல் காலை எட்டிப் பிடித்துக்கொண்டார். அழுதுகொண்டிருந்த பெண்கள் பாதி அழுகையில் நிறுத்தி, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள்.

“எங்க வீட்டுக்காரரு பேரப் போட ஒரு வரி எடம் இல்லாமப் போச்சே!” என்று அவள் கண்ணாடியில் தலையை முட்டினாள். “சுற்றமும் நட்பும்னு மொத்தமா மூட்டையக் கட்டிட்டியே பாவி!”

இதற்கு மட்டும் இசக்கிப்பாண்டிக்குப் பதில் தயாராக இருந்தது. பதினோரு வருஷமாக வாய்க்குள்ளேயே உருட்டின பதில். “ஏட்டி, அது பிரஸ்காரன் விட்டது” என்றார்.

“பிரஸ்காரன் விட்டான்னா புரூப் யாரு பாத்தா?” என்றாள் அவள், தலையை எடுக்காமலே.

“நான்தான் பாத்தேன்.”

“போலீஸ்காரன் கண்ணுல அது படாதோ?”

“அன்னைக்குக் கண்ணாடிய வீட்டுல வச்சுட்டேன்.”

“கண்ணாடி இல்லாதவன் எதுக்கு வாங்கிப் பாத்த?”

“தப்புதான்ட்டி. நாளாக நாளாக நீயே வந்து பேசுவன்னு இருந்துட்டேன். தப்புதான்.”

அதற்கு அவள் பதில் சொல்ல வாயெடுத்து, அப்படியே நின்றாள். மெதுவாகத் தலையைத் தூக்கினாள். பெட்டியைப் பார்த்தாள், எதிரே நிற்கிற ஆளைப் பார்த்தாள்.

“நீ சாகலியா?” என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

நாறும்பூநாதன் கையிலிருந்த மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

இந்த நேரம் பார்த்து முத்துகுமரன் பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்து சேர்ந்தான். மார்போடு அணைத்த ஒரு நீளப் பொட்டலம், போர்வையில் சுற்றியது. பந்தலைப் பார்த்துத் திகைத்து, “அப்பா, என்ன ஆச்சு? பேபிய எங்க?” என்றான். “ஐயையோ, கழுத்து வந்துட்டு!” என்று ஒரு பெண் சத்தம் போட்டு மயங்கிச் சரிந்தாள். டெரி மாக்லின் மேடையேறினால் நடக்கும் என்றார்களே, அது தென்காசியிலும் நடந்தது.

ஐஸ் பெட்டியிலிருந்து பெட்டியை எடுத்துத் திறந்தபோது தெருவே எட்டிப் பார்த்தது. சிவப்பாக, குளிர்ந்துபோய், மேலெல்லாம் முத்து முத்தாக நீர் கோத்துக்கொண்டு கிடந்தாள் பேபி. கனடா குளிருக்குப் பயந்து அனுப்பி வைத்த சாமான்! முத்துகுமரன் துண்டை எடுத்துத் துடைத்துத் துடைத்து அழாத குறை. மாரித்தாய் இடுப்பில் கை வைத்து நின்றாள். “ஒரு கிட்டார்ச் சவத்துக்கால நான் நெஞ்சு நெஞ்சா அடிச்சுக்கிட்டேன்?” என்றாள். ஆனால் அவளுக்கும் உடனே சிரிப்பு வந்துவிட்டது, ஆனந்தவள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

ஆனந்தவள்ளி கிட்டாரின் முதுகில் கீறியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். “இது எம் பேருல்லா? யாருலே இதுல எழுதுனா?”

“லண்டன்காரன் ஒருத்தன்” என்றான் முத்துகுமரன்.

“அவனுக்கும் ஒரு தங்கச்சி இருந்திருப்பா” என்றான் சுடலைராஜ். முழுக் கதையும் அப்போதுதான் அவனுக்கு விளங்கியிருந்தது.

கூட்டத்துக்குக் கலைய மனசில்லை. டீ வந்தது. முத்துகுமரன் கழுத்தைப் பொருத்தி ஸ்குருவை முடுக்கி, கம்பிகளை மாட்டி, ஐஸ் பெட்டிக்கு இழுத்திருந்த ஒயரிலேயே தன் பையிலிருந்த சின்ன ஸ்பீக்கரைச் சொருகிச் சுருதி பார்க்க ஆரம்பித்தான். முதல் கம்பியை இழுத்ததும் பந்தலில் முன்வரிசை எழுந்து பின்னால் போயிற்று.

சேலை மட்டும் ஐஸ் பெட்டி மேலேயே கிடந்தது. அதைத் தொட யாரும் முன்வரவில்லை. “கோடின்னு எடுத்தத உசிரோட இருக்கவ கட்டக்கூடாது. ஆத்துல விட்டுருங்க” என்றார் கிழவர். நாலு பேர் அதற்குத் தலையாட்டினார்கள்.

“ஆமாட்டி, நாளைக்கு வேற எடுத்துத் தாரேன்” என்றார் இசக்கிப்பாண்டி.

ஆனந்தவள்ளி காதில் வாங்கவில்லை. சேலையை எடுத்து, கரையைத் திருப்பிப் பார்த்து, முந்தானையைத் தடவிப் பார்த்தாள். “யாரு எடுத்தா, மதினியா?”

“நான்தான்.”

“நீயா? கடைக்கு நீயா போன?”

“ம்.”

அவள் சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். பின்னாலேயே ஓடிய மாரித்தாய், “ஏ ஆனந்தி, வேண்டாம், சொன்னாக் கேளு” என்று கதவைத் தட்டினாள். வெளியே பேபி ஒவ்வொரு கம்பியாகக் கனைத்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. மயில்கழுத்து நீலத்தில் ஆனந்தவள்ளி வாசலுக்கு வந்தாள். தலை நரைத்திருந்தது, கண்ணாடி போட்டிருந்தாள், கொஞ்சம் குண்டாகத்தான் இருந்தாள். அவள் நேரே வந்து அண்ணன் முன்னால் நின்றாள்.

“ஏட்டி, அது...”

“தெரியும். கோடி.” அவள் முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டாள். “நீ எனக்கு ஒம்பது வயசு மூத்தவன். முறைப்படி பாத்தா நீதான் முந்திப் போவ. நீ போனப்பொறவு எனக்கு யாருண்ணே கோடி எடுப்பா? அதான், நீ இருக்கும்போதே கட்டிக்கிட்டேன்.”

தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, இசக்கிப்பாண்டி துண்டை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுகைக்கு நடுவே ஒருவழியாக, “கொசுவத்த கொஞ்சம் தூக்கிக் கட்டுட்டி, கரை தெரிய மாட்டேங்கு” என்றார்.